பாக் நீரிணைக்காரரின் பட்டம் எங்கே போனது?

வாசகர் கேள்வி, மே 3

பாக் நீரிணைக்குப் பெயர் தந்த ராபர்ட் பாக், சென்னையில் கவர்னராக இருந்தவர். அவருக்குக் கிடைத்த பரம்பரைப் பட்டம் 1939ல் அற்றுப்போனது என்று படித்தேன். அப்படியானால் குடும்பமே பூண்டோடு போய்விட்டதா? ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்குத்தானே போகும்? இப்போது யாராவது பணம் கட்டி அதை எடுத்துக்கொள்ள முடியுமா?

மே 3, இரவு

மூன்று கேள்விக்கும் என் பதில்: இல்லை, இல்லை, இல்லை. பட்டம் முடிவதற்கும் குடும்பம் முடிவதற்கும் சம்பந்தம் குறைவு. மகள்கள், பேத்திகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று நூறு பேர் உயிரோடு இருக்கலாம். அரசர் கொடுத்த பட்டயத்தில் "உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு" என்று எழுதியிருக்கும். ஆண் வழியாக மட்டுமே எண்ணிக்கொண்டு போய், கடைசி ஆள் தீர்ந்த அன்று பட்டம் முடிகிறது. பேரன் மகள் வயிற்றுப் பேரனாக இருந்தால் கணக்கில் இல்லை.

மே 4

காலையில் நிதானமாக எழுதுகிறேன். நான் இருப்பது எக்ஸிட்டர் பக்கம். ஊருக்குத் தென்மேற்கே ஹால்டன் குன்று. அதன் மேல் காட்டுக்கு நடுவே மூன்று மூலைகொண்ட வெள்ளைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1788ல் ராபர்ட் பாக் கட்டியது. தனக்காக அல்ல, தன் நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்காக. கர்நாடகப் போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கிய அதே லாரன்ஸ்தான். கல்யாணம் ஆகாதவர். 1775ல் இறந்தபோது சொத்தைப் பாக் குடும்பத்துக்கு எழுதிவைத்தார். உள்ளே அவர் சிலை ரோமானிய உடையில் நிற்கிறது. திருச்சிராப்பள்ளி வெயிலில் சண்டை போட்ட மனிதரை இப்படிப் போர்த்திவிட்டார்களே என்று முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது.

பாக் பாதிரியாராகக் கப்பலேறி வந்தவர். பிறகு அங்கியைக் கழற்றிவிட்டுக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போனார். 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னர். ஊர் திரும்பி ஹால்டன் மாளிகையை வாங்கினார். 1782ல் பேரோனெட் ஆனார். பேரோனெட் என்பவர் பிரபு அல்லர். பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பெயருக்கு முன் 'சர்' போட்டுக்கொள்ளலாம், அந்த 'சர்' மூத்த மகனுக்கு இறங்கும், அவ்வளவுதான். சாதாரண 'சர்' பட்டம் ஆளோடு போய்விடும்.

நாலாவது பேரோனெட் லாரன்ஸ் பாக் 1880ல் ஹால்டன் பிரபுவாக உயர்ந்தார். (வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளை லாரன்ஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். சொத்து தந்தவருக்கு நன்றிக்கடன்.) ஏறிய வேகத்தில் இறக்கம். இரண்டாம் பிரபு 1903ல் இறந்தார், மூன்றாமவர் 1933ல். நாலாமவர் 1938ல் போனார். பட்டம் எங்கே போவது என்று மேலே ஏறித் தேடினால், முதல் பிரபுவின் இளைய மகன் எண்பது தாண்டிய வயதில் உயிரோடு இருந்தார். ஐந்தாம் பிரபு ஆனார். 1939ல் அவரும் இறக்க, பிரபு பட்டம், பேரோனெட் பட்டம் இரண்டும் ஒன்றாக முடிந்தன. அதற்குள் மாளிகையில் பெரும்பகுதி இடிபட்டுவிட்டது. மிச்சமிருந்த ஒரு பக்கம் பிறகு ஹோட்டலாக ஓடியது.

மே 4, மதியம்

அந்த வீட்டின் ராசியைப் பற்றி ஒரு வரி. பாக் வாங்குவதற்கு முன்னால் அதைக் கட்டியவர்கள் சட்லி குடும்பம். அவர்களும் பேரோனெட்டுகள், 1622 முதல். கட்டிய சர் ஜார்ஜுக்கு நாலு மகள்கள், மகன் இல்லை. சொத்து மகள்களுக்குப் பங்காயிற்று. பட்டம் ஆண் வழி உறவினருக்குப் போனது. ஆறாவது பேரோனெட் 1745ல் ஓஸ்டெண்ட் முற்றுகையில் சாக, அத்தோடு சரி. வீடு ஒரு வழி, பட்டம் ஒரு வழி என்பது இந்த ஊரில் அதிசயமே இல்லை.

மே 6

"பணம் கட்டி எடுக்கலாமா" என்று கேட்டவரை யாரோ கிண்டல் செய்திருக்கிறார். கிண்டல் வேண்டாம். பேரோனெட் பட்டமே பணம் திரட்டத்தான் பிறந்தது. 1611ல் முதலாம் ஜேம்ஸுக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் படை வைக்கக் காசில்லை. வருஷம் 1000 பவுண்டு நில வருமானம் உள்ள கனவான்கள், முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருஷச் சம்பளம் கட்டினால் பட்டம் என்றார்கள். ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்னி. முப்பது பேருக்கு 240 பென்னி, அதாவது சரியாக ஒரு பவுண்டு. மூன்று வருஷத்துக்கு 1095 நாள். ஆகவே விலை 1095 பவுண்டு. பேரம் கிடையாது. இருநூறு பேரோடு நிறுத்திவிடுவோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். அரசாங்க வாக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா. இன்றுவரை மூவாயிரத்துக்கும் மேல் கொடுத்தாயிற்று, மிஞ்சியிருப்பவை சுமார் 1200.

முதலில் வாங்கியவர் ரெட்கிரேவ் ஊர் நிக்கலஸ் பேக்கன். அந்தப் பட்டம் இன்னும் ஓடுகிறது.

பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் மறுபடி சந்தை சூடானது. பேரோனெட்டுக்கு முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் என்று பேச்சு. நாற்றம் தாங்காமல் 1925ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இன்றைக்கு இணையத்தில் விற்பது 'மேனர் பிரபு' உரிமை. அது பழைய நிலவுடைமையின் எச்சம், சொத்து மாதிரி கைமாறும், பிரபு பட்டம் ஆகாது. அதை வாங்கி விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் தாராளமாகப் போடலாம்.

மே 7

மகளுக்குப் போகாது என்று நான் எழுதியது பேரோனெட் பட்டத்துக்கு. அதிலும் ஒரு விதிவிலக்கு: 1635ல் மேரி போல்ஸ் என்ற சீமாட்டிக்கே நேரடியாகப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆண்களை விட்டுப் பெண்ணுக்கு உருவாக்கப்பட்ட ஒரே பேரோனெட் பட்டம் அது.

பழைய பிரபு பட்டங்கள் சில வேறு ரகம். பட்டயம் இல்லாமல், பாராளுமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்பியதால் உண்டானவை. அவை மகளுக்கு இறங்கும். ஒரு மகள் என்றால் தொல்லை இல்லை. இரண்டு மூன்று மகள்கள் என்றால் எல்லோருக்கும் சம உரிமை. மூத்தவள் இளையவள் கிடையாது. பட்டத்தை வெட்டிப் பங்கு போட முடியாதே, அதனால் ஒருவருக்கும் கிடைக்காமல் தொங்கும். மற்றக் கிளைகள் எல்லாம் தீர்ந்து ஒன்று மிஞ்ச வேண்டும், அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்து அழைக்க வேண்டும். கோட்னரின் கிரே பிரபு பட்டம் 1496ல் தொங்க ஆரம்பித்தது. 1989ல்தான் செஷயரைச் சேர்ந்த கார்ன்வால்-லே குடும்பத்துக்குக் கிடைத்தது. நம் ஊர் பாகப்பிரிவினை வழக்கெல்லாம் எம்மாத்திரம்.

மே 9

ஹால்டன் குன்றிலிருந்து கீழே எக்ஸ் ஆற்று முகத்துவாரம் பார்த்து இறங்கினால் பவுடர்ஹாம் கோட்டை. கோர்ட்டனே குடும்பம். பாக் குடும்பத்துக் கதைக்கு நேர் எதிர் கதை இது. எனக்கு இதுதான் பிடித்த வழக்கு.

1553ல் மேரி அரசி எட்வர்ட் கோர்ட்டனேயை டெவன் ஏர்ல் ஆக்கினார். (ஏர்ல், வைகவுண்டு எல்லாம் பிரபுக்களில் படிகள், ஏர்ல் மேல்படி.) 1556ல் அவர் கல்யாணம் ஆகாமல் பாதுவாவில் இறந்தார். பட்டம் முடிந்தது என்று எல்லோரும் தலைமுழுகிவிட்டார்கள். பவுடர்ஹாமில் தூரத்துக் கிளை உறவினர்கள் சாதாரணக் கனவான்களாக, பிறகு பேரோனெட்டாக, பிறகு வைகவுண்டாகக் காலம் தள்ளினார்கள். டெவன் என்ற பெயரிலேயே வேறொரு குடும்பத்துக்கு ஏர்ல் பட்டம் கொடுத்தும்விட்டார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு, பாராளுமன்றத்தில் வேலை பார்த்த ஒரு கோர்ட்டனே அந்தப் பட்டயத்தை எடுத்துப் படித்தார். வழக்கமாக வரவேண்டிய "உடலில் பிறந்த" என்ற சொற்கள் அதில் இல்லை. வெறும் "ஆண் வாரிசுகளுக்கு". அப்படியானால் தன் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எவ்வளவு தூரத்து ஆண் பங்காளியும் வாரிசு. 1831ல் பிரபுக்கள் சபை ஒப்புக்கொண்டது. நடுவில் வாழ்ந்து செத்த பங்காளிகள் எல்லாம், தங்களுக்கே தெரியாமல் ஏர்லாக இருந்திருக்கிறார்கள் என்று கணக்கு. அதனால் 1831ல் பட்டம் பெற்றவர் இரண்டாம் ஏர்ல் இல்லை, ஒன்பதாம் ஏர்ல்!

அவருக்கு 13 சகோதரிகள், ஆண் அவர் ஒருவர்தான். திருமணம் செய்யாமல் 1835ல் இறந்தார். வைகவுண்டு பட்டத்தில் அந்த "உடலில் பிறந்த" இருந்தது, அது அன்றே முடிந்தது. ஏர்ல் பட்டம், பட்டயத்தைப் படித்த அந்த உறவினருக்கே போயிற்று. ஒரே சாவு, ஒரே குடும்பம். ஒரு பட்டம் செத்தது, ஒன்று பிழைத்தது. எழுத்தர் கைமறதியா, வேண்டுமென்றே எழுதினார்களா என்று வக்கீல்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

மே 10

"பிரபுக் குடும்பங்கள் சொகுசில் அழுகிச் சந்ததி இல்லாமல் போனார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விக்டோரியா காலத்தில் ஃபிரான்சிஸ் கால்டனும் காரணம் தேடினார். பணத்துக்காகச் சொத்துள்ள ஒற்றை மகளைக் கட்டுகிறார்கள், சகோதரன் இல்லாதவள் பிள்ளை குறைவான குடும்பத்திலிருந்து வருபவள், அதனால் வம்சம் தேய்கிறது என்றார். அப்புறம் அவரே இதைக் கணக்காக எழுப்பி, வாட்சன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 1870களில் கட்டுரை எழுதினார். எல்லாக் குடும்பப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் சொன்னது தவறு. சராசரியாக ஒன்றுக்கு மேல் மகன்கள் இருந்தால் ஒரு பங்கு தப்பிக்கும். ஆனால் பாதை சரி.

நானே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆணுக்கும் வளர்ந்து ஆளாகும் மகன் இல்லாமல் போக நாலில் ஒரு வாய்ப்பு, ஒரு மகன் இருக்க நாலில் இரண்டு, இரு மகன்கள் இருக்க நாலில் ஒன்று என்று வையுங்கள். சராசரி ஒரு மகன். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஐந்து தலைமுறையில் நூற்றுக்கு அறுபது வம்சம் காலி. பத்துத் தலைமுறையில் எழுபத்து நாலு. சொகுசும் சாபமும் தேவையே இல்லை. நம் தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இதே கதிதான், பட்டயம் இல்லாததால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மே 10, சற்றுப் பின்

போர்ச் சாவு இந்தக் கணக்கில் சேராது என்பது உண்மை. அதற்கு ஒரே உதாரணம் தருகிறேன், கொஞ்சம் குரூரமானது. கென்ட்டில் கிழக்கு சட்டன் ஊர் ஃபில்மர் குடும்பம். பதினேழாம் நூற்றாண்டில் சர் ராபர்ட் ஃபில்மர், அரசனின் அதிகாரம் ஆதாமிலிருந்து தந்தை வழியாக இறங்கி வந்தது என்று வாதாடிப் பேர் வாங்கியவர். தத்துவவாதி ஜான் லாக் அவரைத்தான் பிரித்து மேய்ந்தார். அந்தக் குடும்பத்துக்கு 1674ல் பேரோனெட் பட்டம். பத்தாவது பேரோனெட் 1916 ஜனவரியில் போர்க்களக் காயத்தால் இறந்தார், மணமாகாதவர், பட்டம் முடிந்தது. தந்தை வழி ஆட்சிக்குத் தத்துவம் எழுதிய குடும்பத்தின் வீடு இப்போது பெண்கள் சிறை.

மே 12

தத்து எடுத்தால் என்ன என்று கேட்டவருக்கு: செல்லாது. தத்துப் பிள்ளைக்குப் பட்டம் இறங்காது. திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோர் பிறகு மணம் செய்துகொண்டாலும், இங்கிலாந்தில் இறங்காது. 2004க்குப் பிறகு பிரபுவின் தத்துப் பிள்ளைகள் மரியாதை அடைமொழி போட்டுக்கொள்ளலாம். பட்டம் மட்டும் கிடையாது.

என் தாத்தாவின் தம்பியை அவருடைய பெரியப்பா வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்தார்கள். ஒரு ஹோமம், ஊர்ச் சாப்பாடு, அன்றிலிருந்து அவருக்குக் கோத்திரக் கடமை முதல் கொள்ளி வரை எல்லாம் அந்த வீட்டில். வயதான காலத்தில்கூட எங்கள் பாட்டி அவரை "அடுத்த வீட்டுப் பிள்ளை" என்றே சொல்வாள், பாசமாகத்தான். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இங்கிலாந்துக்காரர்களின் பிடிவாதம் முதலில் புரியவில்லை. சொத்து விஷயத்தில் அவர்கள் தாராளம். வேண்டியவருக்கு எழுதிவைத்து, "என் குடும்பப் பெயரை நீ வைத்துக்கொள்" என்று நிபந்தனை போடுவார்கள். பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் மாளிகை இப்படித்தான் 1827ல் வெர்னி ரத்தம் ஒரு துளியும் இல்லாத சர் ஹாரி கால்வர்ட்டுக்குப் போக, அவர் வெர்னி ஆனார். மாளிகையில் இன்றும் வெர்னி பெயர். வெர்னி ஏர்ல் பட்டம் 1791லேயே போயாயிற்று. நிலத்துக்கும் பெயருக்கும் தத்து உண்டு, பட்டத்துக்கு மட்டும் கிடையாது.

மே 12, இரவு

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் 1855ல் தஞ்சாவூரையும் பார்த்தார்கள். சிவாஜி ராஜா இறந்தபோது மகள்கள் இருந்தார்கள், மகன் இல்லை. பட்டம் முடிந்தது என்று கம்பெனி அரண்மனைக்குள் நுழைந்தது. ராணி போட்ட வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் 1859ல் தோற்றது, அரசின் செயலை நீதிமன்றம் கேட்க முடியாது என்று. ஆனால் ராமநாதபுரம் ஜமீனில் 1868ல் அதே பிரிவி கவுன்சில் ராணி எடுத்த தத்து செல்லும் என்றது. கணவன் அனுமதி எழுதிவைக்காவிட்டாலும் பங்காளிகள் சம்மதம் போதும் என்று மதுரை கலெக்டரைத் தோற்கடித்தது. பாக் நீரிணைக் கரை ஜமீன் பிழைத்தது, பாக் வீட்டுப் பட்டம் பிழைக்கவில்லை. இதை நான் இட்டுக்கட்டவில்லை, வரலாறே இப்படித்தான் இருக்கிறது.

மே 14

டிச்போர்ன் கதையை எழுதாமல் விடமாட்டேன் என்று தெரிந்தே கேட்கிறீர்கள். சரி.

ஹாம்ப்ஷயர் குடும்பம், 1621ல் பேரோனெட். வாரிசு ரோஜர் 1854ல் ரியோவிலிருந்து கிளம்பிய கப்பலோடு காணாமல் போனார். தகப்பன் 1862ல் இறக்க, பட்டம் தம்பி ஆல்ஃபிரடுக்கு வந்தது. தாய் மட்டும் மூத்தவன் உயிரோடு இருக்கிறான் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். 1866 பிப்ரவரியில் ஆல்ஃபிரடும் போய்விட்டார், மனைவி கர்ப்பம். இந்த மாதிரி நேரத்தில் பட்டம் காத்திருக்கும்: ஆண் பிறந்தால் அதற்கு, இல்லையென்றால் அடுத்த பங்காளிக்கு. மே மாதம் ஆண் பிறந்தது, பிறக்கும்போதே பன்னிரண்டாவது பேரோனெட். அந்த வருஷமே ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவிலிருந்து ஒரு கசாப்புக்காரர் "நான்தான் ரோஜர்" என்று கிளம்பி வந்தார். பாரிஸில் தாய் அவரைக் கண்டு மகனே என்று ஏற்றுக்கொண்டாள். ரோஜர் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், வந்தவருக்குப் பிரெஞ்சு வராது. தாய்க்கு அது பொருட்டே இல்லை.

சிவில் வழக்கு 102 நாள், பொய்ச் சாட்சி வழக்கு 188 நாள். 1874ல் பதினான்கு வருஷச் சிறை. வாப்பிங்கைச் சேர்ந்த ஆர்தர் ஆர்ட்டன் என்று தீர்ப்பு. அவர் 1898ல் இறந்தபோது சவப்பெட்டியில் சர் ரோஜர் டிச்போர்ன் என்றே பெயர் பொறிக்க விட்டார்கள். உண்மையான பட்டம் 1968ல் பதினான்காவது பேரோனெட்டோடு முடிந்தது.

மே 15

டிச்போர்ன் வீட்டுச் சாபத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மத்திய காலத்தில் மாபெல்லா சீமாட்டி சாகக் கிடந்தபோது, ஏழைகளுக்கு வருஷம்தோறும் தானம் கேட்டாள். எரிகிற கொள்ளி அணைவதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாயோ அவ்வளவு நிலத்தின் விளைச்சல் என்றான் கணவன். தவழ்ந்தே 23 ஏக்கர் சுற்றினாள். தானத்தை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் ஏழு மகன்கள், அடுத்ததில் ஏழு மகள்கள், பிறகு பெயர் அழியும் என்று சாபமிட்டாள். 1796ல் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்த் தானத்தை நிறுத்தினார்கள். ஏழாவது பேரோனெட்டுக்கு ஏழு மகன்கள், எட்டாவதுக்கு ஏழு மகள்கள். 1803ல் வீட்டில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பயந்துபோய்த் தானத்தை மறுபடி தொடங்கினார்கள்.

மயிர்க்கூச்செறிகிறது, ஆனால் பிறந்த வருஷங்களைப் பாருங்கள். அந்த ஏழு மகன்களில் ஹென்றி 1779, எட்வர்ட் 1782, ஜேம்ஸ் 1784. தானம் நிற்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே சாபம் வேலையை ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. அந்த எட்வர்ட், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் சொத்துக்காகத் தன் பெயரை டவுட்டி என்று மாற்றிக்கொண்டவர். பெயர் அழிந்தது என்றால் பாதி அவர்களே அழித்தது.

மே 17

மரபணு வந்து கெடுத்த கதை: ஸ்காட்லாந்துப் பக்கம் ஸ்டிச்சில் ஊர் பிரிங்கிள் பேரோனெட் பட்டம், 1683. குடும்பப் பெயர் ஆராய்ச்சிக்காகப் பத்தாவது பேரோனெட் தன் மாதிரியைக் கொடுத்தார். ஆண் வழியில் பொருந்தவில்லை. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே வழி அறுந்திருந்தது. 2016ல் பிரிவி கவுன்சில் பட்டத்தை வேறு கிளைக்கு மாற்றிவிட்டது. மேலே ராமநாதபுரம் வழக்கைத் தீர்த்த அதே அமைப்பு. மற்ற எல்லாப் பட்டத்தையும் இப்படிச் சோதித்தால் 1200ல் எத்தனை தேறும் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இன்னொன்று: 1910 முதல் அதிகாரப் பதிவேட்டில் ஏறாத யாரையும் பேரோனெட்டாக அரசு ஏற்காது. பிறப்பு, மணம், இறப்புச் சான்றுகள் காட்ட வேண்டும். செலவு எதற்கு என்று சில வாரிசுகள் விண்ணப்பிப்பதே இல்லை. பட்டம் சாகவும் இல்லை, யாரிடமும் இல்லை, சும்மா கிடக்கிறது. அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் இப்படி ஒரு குடும்பத்துத் தூரத்து வாரிசு என்று ஒருநாள் சொன்னார். எடுக்கலையா என்றேன். "எடுத்தால் தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரன் கூட்டிக் கேட்பான்" என்றார்.

மே 20

இப்போதாவது மாற்றலாமே என்பவர்களுக்கு: 2013ல் சிம்மாசனத்துக்கு மாற்றினார்கள், மூத்த பிள்ளை பெண்ணானாலும் அரசி. மற்றப் பட்டங்களைச் சேர்க்கவில்லை. பிறகு வந்த மசோதாக்கள் தேறவில்லை. 1964க்குப் பிறகு பேரோனெட் பட்டமே கொடுக்காமல் இருந்தவர்கள் 1990ல் ஒன்று கொடுத்தார்கள், யாருக்கு? மார்கரெட் தாட்சரின் கணவருக்கு. நாட்டை ஆண்டது மனைவி. பரம்பரைப் பட்டம் கணவன் பேரில், 2003ல் மகனுக்கு. மகன் இரட்டையரில் ஒருவர். கூடப் பிறந்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

மே 21

டிச்போர்ன் மாவு தானம் இன்னும் நடக்கிறது, மார்ச் 25 அன்று. பெரியவர்களுக்கு ஒரு கேலன், குழந்தைகளுக்கு அரை. டிச்போர்ன், செரிட்டன் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான், ஆகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டாம்.